அடங்கலில் ஏறாத கணக்கு

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆறு மலையை விட்டு இறங்குகிறது. ‘ஆறாவது மைல்’ என்று ஜனங்கள் வழங்கும் இடத்தில் அதன் தண்ணீரைத் தேக்கி நகரத்துக்குக் குடிநீராகக் கொடுத்துவருகிறார்கள். மழை பொய்த்த வருஷங்களில் அந்தத் தேக்கம் வறண்டு, தெருக்களில் குடங்கள் வரிசை கட்டி நின்றதை ஊரார் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது தாமிரபரணித் தண்ணீரையும் நெடுந்தூரம் குழாய் பதித்துக் கொண்டுவருகிறார்கள். கண்ணெதிரே மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்துக்கொண்டு, வேறொரு ஜில்லாவின் நதியிடம் கையேந்தவேண்டிய நிலைமை ஒரு நகரத்துக்கு ஏன் வந்தது? ஜனத்தொகை பெருகிற்று, தேவையும் பெருகிற்று என்று நகரசபையார் பதில் சொன்னால் அதில் பாதி வாஸ்தவமே. மற்றப் பாதியைப் பற்றித்தான் நாம் இன்று எழுதுகிறோம். அது மலைக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் நிலத்தை நாம் நடத்துகிற விதத்தைப் பற்றியது.

கிராமத்து அடங்கலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எதிரே விஸ்தீரணம், நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், எந்தப் பாசனம் என்று எழுதியிருக்கும். தீர்வை வசூலிப்பதற்காகவே நிலத்தை அளந்த அந்நிய ஆட்சிக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. ஆனால் நிலம் பயிர் விளைவிப்பதோடு நின்றுவிடுவதில்லை. பெய்யும் மழையைப் பிடித்துப் பூமிக்குள் இறக்குகிறது. வெள்ளத்தின் வேகத்தை அடக்குகிறது. தேனீக்கும் வௌவாலுக்கும் இருக்க இடம் கொடுத்து, அவற்றின் மூலம் பூவைக் காயாக்குகிறது. எலியைப் பிடிக்கும் ஆந்தைக்குப் பொந்து கொடுக்கிறது. மாட்டுக்குப் புல் கொடுக்கிறது. ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 2005-ல் வெளிவந்த உலக ஆராய்ச்சி அறிக்கை ஒன்று இவற்றையெல்லாம் வகைப்படுத்தி, ‘சூழல் சேவைகள்’ என்னும் பெயரை உலகமெங்கும் பரப்பிற்று. கூலி கேட்காமல் நடப்பதால் நாம் இவற்றை ஊழியம் என்றே சொல்லலாம். இந்த ஊழியத்துக்கு அடங்கலில் பத்தி கிடையாது. பத்தி இல்லாத காரணத்தால், அது நின்றுபோகும்போது எந்த உத்தியோகஸ்தரும் நஷ்டம் என்று எழுதுவதுமில்லை.

இந்தப் பிரதேசத்தின் அமைப்பைச் சற்று கவனிப்போம். மேற்கே ஓங்கி நிற்கும் மலை, தென்மேற்குப் பருவக் காற்றின் மழையில் பெரும்பகுதியைக் கேரளத்தின் பக்கமே இறக்கிவிடுகிறது. நமக்குக் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகை மழைதான் என்று சொன்னால் அதிகத் தவறில்லை. அந்த இரண்டு மூன்று மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் வெள்ளம், அடிவாரத்துச் செம்மண் தோப்புகளைக் கடந்து, ஓடைகளில் புகுந்து, ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய், முடிவில் கிழக்கே கரிசல் காட்டை நனைத்து, அர்ச்சுனா நதி முதலியவற்றின் வழியே வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவை அடைகிறது. தேவதானத்திலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு வரையில் மலையடிவாரம் நெடுக இதே கதைதான். நம் முன்னோர் கண்மாய்களைத் தனித்தனியாக வெட்டவில்லை, சங்கிலியாகக் கோத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளத்தின் கரைமேல் நின்று மேற்கே பார்க்கிறவருக்கு இது விளங்கும். அந்தக் குளத்தின் வயிறு நிரம்புவதும் நிரம்பாததும் செண்பகத்தோப்புப் பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியை எங்கே வைக்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றால் நம் நேயர்களில் சிலர் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடுவார்கள் என்பதை அறிவோம். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் தண்ணீர். இந்த ஜில்லாவில் வருஷ மழை சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர், அதாவது 32 அங்குலம். ஆகவே ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர். இதில் ஆவியாய்ப் போவதும், பயிர் குடிப்பதும், ஓடையில் ஓடுவதும் போக, நம்முடையதைப் போன்ற பாறைப் பூமியில் கிணற்று ஊற்றாக இறங்குவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் தாராளமான மதிப்புத்தான். அது 3 லட்சத்துச் சொச்சம் லிட்டர் ஆகிறது. இப்போது செலவைப் பார்ப்போம். ஏக்கருக்கு 70 தென்னை; மரத்துக்கு நாள் ஒன்றுக்கு 80 லிட்டர்; வருஷத்தில் 250 நாள் பாய்ச்சல். மொத்தம் 14 லட்சம் லிட்டர். ஆக, ஓர் ஏக்கர் தென்னந்தோப்புக்கு அந்த ஏக்கரின் ஊற்று மாத்திரம் போதாது. இன்னும் மூன்று நான்கு ஏக்கரின் ஊற்றையும் அது சேர்த்துக் குடித்தாக வேண்டும்.

அந்த மூன்று நான்கு ஏக்கர் எங்கே இருக்கிறது? இதுதான் கேள்வி. அது ஓடைக்கரையாக, கண்மாயாக, புல்தரையாக, மாந்தோப்பாக, காடாக எங்கேயாவது இருந்தால் தென்னை பிழைக்கும். அதையும் தென்னையாக்கினால், அல்லது மனையாக்கினால், பக்கத்துக் கிணற்றைவிட நூறு அடி ஆழமாக ஒரு துளை போடவேண்டும். அடுத்த வருஷம் பக்கத்துக்காரர் அதைவிட நூறு அடி ஆழமாகப் போடுவார். இதற்கு முடிவு எங்கே என்று ஆழ்துளைக் கிணறு போட்டுக் கடன்பட்ட குடியானவரைக் கேட்டால் சொல்வார்.

தென்னையை நாம் பழிக்கவில்லை. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்துக்கும் பஞ்சவர்ணத்துக்கும் உள்ள கீர்த்தியை நாடு அறியும். மாமரம் வேர்விட்டு நிலைத்துவிட்டால் பெரும்பாலும் மழையை நம்பியே காய்க்கும். இலையை உதிர்த்து மண்ணை மூடும். அடர்ந்த நிழலில் ஈரத்தைக் காக்கும். அப்படியிருந்தும் மாவை வெட்டிவிட்டுத் தென்னை வைக்கிறவர் மூடரல்லர். மா வருஷத்துக்கு ஒரு முறை பலன் தரும். ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஏமாற்றும். பூக்கிற சமயத்தில் மழையோ காற்றோ வந்தால் எல்லாம் போச்சு. தென்னையில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு. பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டிய குடும்பத்துக்கு எது சௌகரியம்? மாந்தோப்பு ஊருக்குச் செய்கிற தண்ணீர் ஊழியத்துக்கு ஊர் ஒரு காசும் கொடுப்பதில்லை. கொடுக்காத ஊர், தோப்புக்காரரைத் தர்மம் செய்யச் சொல்வது என்ன நியாயம்?

இதோடு மற்றொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகள் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமாக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் அவற்றையும் மேகமலையையும் சேர்த்து, 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஏற்பட்டது. இதை நாம் முழு மனத்தோடு வரவேற்கிறோம். வைகையின் தலைக்காடும் நம் ஓடைகளின் தலைக்காடும் இந்த மலைகளிலேயே இருக்கின்றன. காடு நிலைத்தால்தான் ஓடை நிலைக்கும். ஆனால் காப்பகத்தின் எல்லைக்கல் யானைக்குத் தெரியாது. அது இறங்கி வந்து ஓர் இரவில் பத்துத் தென்னங்கன்றைச் சாய்த்துவிட்டுப் போகிறது. காட்டுப்பன்றி கிழங்கையும் கடலையையும் கிளறிவிடுகிறது. காட்டினால் வரும் லாபம் நகரத்துக்கு, காட்டினால் வரும் நஷ்டம் அடிவாரத்துக் குடியானவருக்கு என்றிருக்கிற ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? நஷ்டஈடு உண்டு என்பார்கள். மனு எழுதி, போட்டோ எடுத்து, அலுவலகத்துக்கு நடந்து அதைப் பெறுகிறவர் வீட்டில் அதற்குள் மறு சாகுபடி முடிந்துவிடுகிறது. சலித்துப்போனவர் நிலத்தை மனைத் தரகரிடம் விட்டுவிடுகிறார்.

அந்த அணிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது கூடியவரையில் தரையில் இறங்காது. கிளையோடு கிளை கோத்த உயரமான மரங்களில் தாவியே ஜீவிக்கும். காட்டில் மட்டுமன்றி அடிவாரத்துப் புளி, மா, தென்னைத் தோப்புகளிலும் அதைக் காணலாம். ஓடைக்கரை மரத்தை ஒருவர் வெட்டினால் அதன் பாதை அறுந்துவிடும். அணில் மரம் விட்டு மரம் போகக்கூடிய ஓடைக்கரையில் கரை அரிக்காது, கீழேயுள்ள கண்மாயில் வண்டல் மேடிடாது. என்ஜினீயர்கள் வந்து அளப்பதற்கு முன் இந்த அணிலே ஓர் அளவுகோலாக உதவும். காட்டில் தேன் எடுத்து ஜீவிக்கும் பளியர்கள் இதை நமக்குச் சொல்லக்கூடியவர்கள். அவர்களைக் கேட்டு எந்தத் திட்டம் இதுவரை வகுக்கப்பட்டது?

கண்மாய்க்கு வருவோம். நூறு ஏக்கர் கண்மாய் ஒன்றில் ஓர் அடி வண்டல் படிந்தால் 12 கோடி லிட்டருக்கு இடம் போய்விட்டது என்று அர்த்தம். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி ராஜபாளையம் நகரில் சுமார் 1,30,000 பேர். தலைக்கு நாள் ஒன்றுக்கு 100 லிட்டர் என்றால், அது நகரம் முழுமைக்கும் ஒன்பது நாள் தண்ணீர். வண்டலை வாரித் தோட்டத்துக்கு அடித்தால் கண்மாய்க்கு ஆழமும் மண்ணுக்கு உரமும் ஒருசேரக் கிடைக்கும் என்பதை நம் பாட்டனார் அறிந்திருந்தார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வழக்கமாய் இருந்ததை 1858-ம் வருஷத்துச் சட்டத்தால் கட்டாய வேலையாக்கினார்கள் வெள்ளையர். 1948-ம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் சேத்தூர் முதலிய ஜமீன்களின் கண்மாய்கள் சர்க்காரிடம் வந்தன. ஜமீன்தார் போனது நல்லதுதான். ஆனால் கண்மாயும் ஊராரின் கையை விட்டு இலாகாவின் கோப்புக்குள் போய்விட்டது. 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் திரும்பிற்று, மடைக்கும் மறுகாலுக்கும் பணமும் ஓரளவு வந்தது. வரத்துக்கால் பல இடங்களில் வரவில்லை. வயிற்றைத் தூர்வாரி வாயை அடைத்து வைத்தால் கண்மாய் எதைக் குடிக்கும்?

வரத்துக்கால் அடைபடுவதற்கு மூலகாரணம் ஆயக்கட்டு மனையாவதே. நஞ்சை மனையாகும்போது வாய்க்கால் மண்ணடித்து மூடப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது வேறு. பாசனக்காரர் நூறு பேர் இருந்த கண்மாயில் இருபது பேர் மிஞ்சினால், நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி கொடுக்க ஆளில்லை. கரை உடைந்தால் ஓடிவர ஆளில்லை. ஓடையை மறித்தவரைத் தட்டிக் கேட்க ஆளில்லை. நாதியற்ற கண்மாயைச் சீமைக் கருவேல் பிடித்துக்கொள்கிறது. குப்பை வண்டி அதன் பிறகு வருகிறது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று தடுத்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தினால் மனை சட்டப்படி சரியாகிவிடும். மூடப்பட்ட வாய்க்காலைச் சரியாக்கும் கட்டணம் எந்த விதியிலும் நமக்குத் தென்படவில்லை.

‘தரிசு’ என்ற சொல்லையும் சற்று விசாரிக்க வேண்டும். சர்க்கார் கணக்கில் தரிசு என்றால் ஒன்றுக்கும் உதவாதது. யாருக்காவது ஒப்படைக்கலாம், எதையாவது கட்டலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர் பெருமைப்பட்டது, நாமும் பெருமைப்பட்டோம். பால்கோவா பாலிலிருந்து வருகிறது, பால் மாட்டிலிருந்து வருகிறது. மாடு மேய்வதற்கு அடிவாரத்துத் தரிசும், கோடையில் வற்றிய கண்மாயின் உள்வாயும், ஓடைப் புறம்போக்கும் வேண்டும். இவை குறையக் குறைய, மாடு வைத்திருப்பவர் தீவனத்தை மூட்டைக் கணக்கில் விலைக்கு வாங்குகிறார். பாலுக்குக் கிடைக்கும் விலை தீவனக் கடைக்கே போய்விடுகிறது. குறியீடு வாங்கிய ஊர், அந்தக் குறியீட்டுக்கு ஆதாரமான புல்லை வெறும் தரிசு என்று எழுதிவைத்திருக்கிறது!

இதற்கெல்லாம் பரிகாரம் உண்டா? உண்டு, பிற தேசங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் நகரத்துக்குத் தண்ணீர், வடக்கே கேட்ஸ்கில் என்னும் மலைப் பிரதேசத்திலிருந்து வருகிறது. அந்தத் தண்ணீரை வடிகட்டப் பிரமாண்டமான ஆலை கட்டவேண்டும் என்று பேச்சு எழுந்தது. கட்டுவதற்கு 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நகரத்தார் வேறு விதமாக யோசித்து, 1997-ல் மலைக் கிராமங்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். விற்கச் சம்மதித்தவர்களிடம் மட்டும் ஓடையோர நிலத்தை வாங்கினார்கள். விவசாயிகள் தண்ணீரைக் கெடுக்காத முறையில் பயிரிடவும் மாடு வளர்க்கவும் நகரமே பணம் கொடுத்தது. செலவு சுமார் 150 கோடி டாலர். பணக்கார தேசத்தின் பணக்கார நகரம், நிலத்தின் ஊழியத்துக்குக் கூலி கொடுப்பதே சிக்கனம் என்று கண்டது. ஏழைத் தேசத்துக்கு அந்தச் சிக்கனம் இன்னும் அவசியமல்லவா?

நம் ஊர் அளவில் பார்ப்போம். அடிவாரத்தில் ஆயிரம் ஏக்கர் மாந்தோப்பை வெட்டாமல் வைத்திருப்பதற்கு ஏக்கருக்கு வருஷம் 5,000 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 லட்சம். ராஜபாளையத்தில் குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் சுமார் 32,000 குடும்பங்கள். குடும்பத்துக்கு மாதம் 13 ரூபாய். ஒரு டீ விலை. ஆலைகளும் பெரிய கட்டடங்களும் தங்கள் பங்கைத் தண்ணீர்க் கட்டணத்தோடு செலுத்தினால் ஏழை வீட்டிலிருந்து அந்த 13 ரூபாயும் வாங்கவேண்டியதில்லை. இந்த ஆயிரமும் ஐயாயிரமும் உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்டவையே; சரியான எண்ணை அளந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆயினும் இது எட்டாத காரியமல்ல என்பதற்கு இந்த உதாரணம் போதும்.

நிலத்தைத் திட்டமிடுவது என்றதும், ‘பட்டாதாரின் உரிமையில் கைவைப்பதா?’ என்று ஆட்சேபம் எழும். ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் வழியில் கல்லுப்பட்டி இருக்கிறது. அங்கே காந்தி நிகேதனத்தில்தான் ஜே. சி. குமரப்பா தம் கடைசி வருஷங்களில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30-ல் காலமானார். ஒரு லட்சம் ஜனங்களுக்குச் சரியான உணவு கிடைக்க எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று கணக்கிட்டு, அதன்படி ஒரு வட்டாரத்தின் நிலத்தைப் பங்கிட வேண்டும் என்று அவர் எழுதினார். இன்ன நிலத்தில் இன்ன பயிர் என்று அனுமதி கொடுக்கவேண்டும் என்றும் கூறினார். கணக்கை நாம் ஏற்கிறோம். அனுமதிச் சீட்டை ஏற்கமாட்டோம். ஏழைக் குடியானவர் மா வைக்கலாமா தென்னை வைக்கலாமா என்று ஒரு குமாஸ்தாவின் மேஜைக்கு முன் நிற்பதைக் குமரப்பாவும் இன்று விரும்பமாட்டார் என்றே நினைக்கிறோம். ஓடையை மூடுவதும் கண்மாய்க்குள் பட்டா போடுவதும் பிறர் உரிமையைத் திருடுவது. அதைத் தடுக்கவே வேண்டும். மற்றதெல்லாம் நல்ல விலை கொடுத்து இணங்கச் செய்யவேண்டிய காரியம்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 1992-ல் நிறைவேறிய 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் வழி வகுத்துவைத்திருக்கின்றன. சிறு பாசனம், நீர்ப்பிடிப்பு அபிவிருத்தி, மண் பாதுகாப்பு ஆகியவை பஞ்சாயத்துக்களிடம் ஒப்புவிக்கத்தக்க விஷயங்கள் என்று பட்டியல் கூறுகிறது. ஜில்லா திட்டக் குழு கிராமத் திட்டங்களையும் நகரத் திட்டங்களையும் ஒன்றாய் இணைக்கும்போது, தண்ணீரையும் இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வதையும் சூழலைக் காப்பதையும் கவனிக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. ராஜபாளையத்துக்கு ஒரு திட்டம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு திட்டம், அவற்றைச் சுற்றிய கிராமங்களுக்குத் திட்டமே இல்லை என்று இருப்பது அந்த ஷரத்தை மீறுவதாகும். மலை முகட்டிலிருந்து கடைசிக் கண்மாய் வரை ஒவ்வோர் ஓடையையும் ஓர் அலகாக வைத்து வரைபடம் தயாரிக்க வேண்டும். அதில் எந்த நிலம் தண்ணீரைப் பிடிக்கிறது, எது குடிக்கிறது, எது மேய்ச்சல் கொடுக்கிறது என்று குறிக்க வேண்டும். மனைக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

இந்தப் படத்தை யார் தொடங்குவது? நம் நேயர்களில் ஊர்க் காரியங்களில் ஈடுபட்டவர்கள் அநேகர். அக்டோபர் 2-ம் தேதி, காந்தி ஜயந்தியன்று, ஒவ்வொரு கிராமத்திலும் கிராம சபை கூடுகிறது. வழக்கமான வரவு செலவை வாசித்துக் கலைந்துவிடாமல், அன்று ஒரே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவரலாம். தங்கள் ஊருக்குள் வரும் ஓடைகள் எத்தனை, வரத்துக்கால்களின் சர்வே நம்பர்கள் எவை, புல வரைபடத்தில் கண்ட அகலம் என்ன, இன்று தரையில் இருக்கும் அகலம் என்ன என்பதை எழுதி, கிராம சபையின் முடிவாக ஜில்லா திட்டக் குழுவுக்கு அனுப்பவேண்டும். புல வரைபடத்தின் நகலைக் குறைந்த கட்டணத்தில் யாரும் வாங்கலாம். அளப்பதற்கு ஒரு சங்கிலியும் நான்கு வாலிபர்களும் போதும். ஓடை எங்கே ஓடியது என்பதை அறிந்த வயோதிகர்கள் இன்னும் ஊருக்கு இரண்டொருவர் இருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் அவர்களை அழைத்துக்கொண்டு மேற்கே நடக்கவேண்டும்.